மிதிபடுவதற்கே ஒரு கம்பளம்!

இரவு முழுவதும் தூக்கம் இல்லை. குடும்பமே தெருவில் உட்கார்ந்து வண்ணக் கம்பளம் போடுகிறது. பாட்டி முதல் பேரன் வரை எல்லோருக்கும் வேலை இருக்கிறது. விடிந்ததும் ஊர்வலம் வருகிறது. கம்பளத்தின் மீதே நடந்து போகிறது. ஐந்து நிமிடத்தில் எல்லாம் பாழ்!

போட்டவர்கள் கோபப்படவில்லை. அதற்காகத்தானே போட்டார்கள்!

இது நடப்பது மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலா நாட்டில். ஊரின் பெயர் ஆண்டிகுவா. ஒரு காலத்தில் அதுதான் தலைநகரம். 1773-ம் ஆண்டு பெரிய பூகம்பம் வந்து ஊரை இடித்துத் தள்ளியது. தலைநகரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். ஆனாலும் சிலர் ஊரை விட்டுப் போகவில்லை. பழைய தேவாலயங்களும் பழைய பக்தியும் அவர்களோடு அங்கேயே தங்கிவிட்டன.

ஏசுநாதர் சிலுவையில் உயிர் விட்டதை நினைக்கும் புனித வாரத்தில்தான் இந்தக் கம்பளங்களைப் போடுகிறார்கள்.

மரத்தூள் வேலை

கம்பளம் என்றால் நூலால் நெய்தது அல்ல. மரம் அறுக்கும் இடத்தில் கிடைக்கும் தூள்தான்! அதைச் சலித்துச் சாயம் ஏற்றுகிறார்கள். சிவப்பு, மஞ்சள், ஊதா, பச்சை என்று மூட்டை மூட்டையாக வந்து இறங்கும்.

தெருவெல்லாம் கருங்கல் பாவியது. மேடும் பள்ளமுமாக இருக்கும். முதலில் மணலைக் கொட்டிச் சமன் செய்கிறார்கள். அதன்மேல் அட்டையில் வெட்டிய அச்சை வைத்து, சாயத்தூளைத் தூவுகிறார்கள். பூ, சிலுவை, புறா என்று ஒவ்வொன்றாக எழும்புகிறது. சிலர் பைன் மர இலை, பூ, பழம், காய்கறி எல்லாம் சேர்க்கிறார்கள்.

நடுவில் கால் வைக்க முடியாதே, எப்படி வேலை செய்வது? குறுக்கே பலகை போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு தூவுகிறார்கள். முதுகு ஒடிகிற வேலைதான்!

பெரிய எதிரி காற்று. தூள் பறந்தால் பாடுபட்டதெல்லாம் போச்சு. அதனால் அடிக்கடி தண்ணீர் தெளிக்கிறார்கள். அதிகம் தெளித்தாலோ சாயம் கலங்கிவிடும்.

தோளில் வரும் சப்பரம்

பெரிய வெள்ளியன்று விடியுமுன்பே சப்பரம் புறப்படுகிறது. அதன்மேல் சிலுவை சுமக்கும் ஏசுநாதரின் சிலை. ஊதா அங்கி அணிந்த ஆண்கள், ஒரே சமயத்தில் எண்பது பேர் வரைகூட, தோள் கொடுக்கிறார்கள். மாதாவின் சப்பரத்தைத் தூக்குவது பெண்கள். சிறிது தூரத்துக்கு ஒருமுறை ஆள் மாறுகிறார்கள். இப்படித் தோள் கொடுக்கப் பணம் கட்டி முறை வாங்குகிறார்கள் என்றால் பாருங்கள்! பிற்பகல் மூன்று மணி, ஏசுநாதர் உயிர் விட்ட நேரம். அதற்குப் பிறகு அங்கியெல்லாம் கறுப்பு.

ஏசுநாதர் எருசலேம் நகருக்குள் வந்தபோது ஜனங்கள் தங்கள் துணிகளையும் மரக்கிளைகளையும் வழியில் விரித்தார்கள் என்று பைபிள் சொல்கிறது. துணிக்குப் பதில் இங்கே மரத்தூள். ஊர்வலத்துக்கு முன்னால் வேறு யாரும் அதை மிதிக்கக் கூடாது. முதல் காலடி சுவாமியைச் சுமப்பவர்களுடையதாக இருக்க வேண்டும். வீட்டுக்காரர்கள் ஓரமாக நின்று, அந்தக் காலடிக்காகக் காத்திருக்கிறார்கள்.

2020-ல் கொரோனா பரவியபோது ஊர்வலங்கள் நிறுத்தப்பட்டன. 2022-ல் யுனெஸ்கோ நிறுவனம், குவாத்தமாலாவின் புனித வாரத்தை உலகப் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

சப்பரத்துக்குப் பின்னால் சோக கீதம் வாசித்தபடி பாண்டு வாத்தியக்காரர்கள் போகிறார்கள். அவர்களுக்கும் பின்னால் துடைப்பமும் லாரியுமாகத் துப்புரவுத் தொழிலாளர்கள். கலங்கிய வண்ணத்தையெல்லாம் அள்ளிக் கொட்டிக்கொண்டு போகிறார்கள். சில தெருக்களில் அன்றைக்கே இன்னொரு ஊர்வலம் வரும். அங்கே மறுபடியும் மணல் மூட்டையை அவிழ்க்கிறார்கள்.