கணக்குக் கேட்கும் பிள்ளைகள்

நடுநிலைப் பள்ளியில் வாழ்க்கைத் திறன் கற்பிக்க வேண்டும் என்றாலே குலக்கல்வியின் நிழல் விழுகிறது. அந்த அச்சத்தை ஒதுக்காமலே டெல்டா பள்ளிகள் செய்யக்கூடியது என்ன?

குறுவை அறுவடை வந்துவிட்டால் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் எல்லார் வாயிலும் அடிபடும் எண் 17. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் நெல்லை எடுப்பார்கள். மழை பிடித்துக்கொண்டால் அந்த வரம்பைத் தளர்த்தச் சொல்லி விவசாயிகள் அரசைக் கேட்பார்கள். ஒரு கை நெல்லைக் கருவியில் போட்டு ‘22’ என்று சொல்லிவிட்டால், கொட்டிய நெல்லைச் சாலையோரம் விரித்துக் காயவைக்க வேண்டியதுதான். அப்படிக் காயும்போது 40 கிலோ மூட்டை ஒன்றில் எவ்வளவு குறையும்? 22-ல் 17 போனால் 5, நாற்பதில் ஐந்து சதவீதம் 2 கிலோ என்று பெரியவர்களே சட்டென்று சொல்லிவிடுவார்கள். அது தப்புக் கணக்கு. ஈரம் 22 சதவீதம் என்றால் 40 கிலோவில் தண்ணீர் போக மிஞ்சுவது 31.2 கிலோ. காய்ந்த மூட்டையில் அந்த 31.2 கிலோ 83 சதவீதமாக இருக்க வேண்டும். அப்படியென்றால் மூட்டை நிற்பது 37.6 கிலோவில், குறைவது 2.4 கிலோ. தப்புக் கணக்குக்கும் சரியான கணக்குக்கும் உள்ள வித்தியாசம் நூறு மூட்டைக்கு ஏறத்தாழ ஒரு முழு மூட்டை.

இந்தக் கணக்குக்குத் தேவையான பாடம் நம் பள்ளிகளில் இல்லாமல் இல்லை. சதவீதம் ஏழாம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் ‘வாழ்வியல் கணிதம்’ என்றே ஓர் இயல் இருக்கிறது. லாப நட்டம், தள்ளுபடி, கூட்டு வட்டி எல்லாம் அதில் உண்டு. ஆனால் பள்ளிச் சுவரிலிருந்து கூப்பிடு தூரத்தில் குவிந்து கிடக்கும் நெல்லுக்கும் அந்த இயலுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் பிள்ளைகளுக்குக் காட்டுவதில்லை. நடுநிலைப் பள்ளியில் வாழ்க்கைத் திறன் என்ற பேச்சு எழுந்ததும் தையல், தச்சு, காளான் வளர்ப்பு என்று ஒரு பட்டியல் நீட்டப்படுகிறது. பதினொன்று முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்குத் தொழில் கற்பிப்பது பள்ளியின் வேலை இல்லை. தன்னைச் சுற்றி நடப்பதை அளக்கவும், எழுதி வைக்கவும், அந்த ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு கணக்குக் கேட்கவும் பழக்குவதுதான் அதன் வேலை. காவிரிப் படுகையின் வரலாறே இதற்குச் சாட்சி.

நெல்லிலக்கம் தெரிந்தவர்கள்

‘நிஜ வாழ்க்கைக்கான பாடம்’ இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆங்கிலேயர் பள்ளிகள் வருமுன் இங்கே இருந்த திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடி மனப்பாடம் நடந்தது. பொன்னை நிறுக்கப் பொன்னிலக்கம், நெல்லை அளக்க நெல்லிலக்கம். எட்டு நாழி ஒரு மரக்கால், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று வாய்ப்பாடாகச் சொல்லிச் சொல்லியே பிள்ளைகள் பின்னக் கணக்கைக் கைவசப்படுத்தினார்கள். இந்தக் கணித மரபைப் பற்றி ஆய்வாளர் செந்தில் பாபு 2022-ல் ஒரு விரிவான நூலே வெளியிட்டிருக்கிறார். உள்ளூர் வாழ்க்கையோடு இத்தனை நெருக்கமான பாடத்திட்டம் பின்னாளில் வந்த எந்த அரசுப் பாடநூலிலும் இல்லை எனலாம். ஆனால் அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்தார்கள் என்று கேட்டால் பெருமை பாதியாகக் குறைந்துவிடும். நெல்லை விளைவித்த கூலிக்குடிகளின் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. அளக்கத் தெரிந்தவர்கள் ஒரு பக்கம், அளந்து போட்டதை வாங்கிக்கொண்டு போகிறவர்கள் மறுபக்கம் என்ற பிரிவினையை அந்தப் பாடத்திட்டம் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றித் தந்தது.

கூலியை நெல்லாக அளந்த ஊரில் மரக்கால் அதிகாரத்தின் கருவி. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். அடுத்த ஆண்டு விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. இன்று மரக்கால் போய் மின் தராசும் ஈரப்பதம் பார்க்கும் கருவியும் வந்துவிட்டன. அளப்பவரிடமே அதிகாரம் இருப்பது மட்டும் மாறவில்லை. கருவி காட்டும் எண்ணைப் படித்து, அது எப்படி வந்தது என்று கேட்கத் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் இடையில் பணம் கைமாறுகிறது. சிறுவிவசாயியின் பிள்ளைக்கும், குத்தகைக்காரர் பிள்ளைக்கும், கூலிக்காரர் பிள்ளைக்கும் அந்தக் கேள்வியை ஒரே வகுப்பறையில் சொல்லித் தருவதில்தான் இந்தக் கல்வியின் நியாயம் இருக்கிறது.

குலக்கல்வி என்ற அச்சம்

இங்கே முதல் ஆட்சேபணை வருகிறது, அதுதான் வலுவானதும்கூட. கைவேலையோடு கல்வி என்று யார் சொன்னாலும் தமிழ்நாடு சந்தேகத்தோடுதான் பார்க்கும், அப்படிப் பார்க்கக் காரணமும் இருக்கிறது. 1937-ல் வார்தா மாநாட்டில் காந்தி முன்வைத்து, ஜாகிர் உசேன் குழு வடிவமைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைப் பாடத்தின் மையத்தில் வைத்தது. பிள்ளைகள் செய்யும் பொருளே பள்ளிச் செலவை ஈடுகட்ட வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் அதோடு சேர்ந்து வந்தது; பள்ளி பட்டறையாகிவிடும் என்ற எதிர்ப்பு அப்போதே எழுந்தது. 1953-ல் முதல்வர் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் இன்னும் ஒரு படி தாண்டியது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் நாளுக்கு மூன்று மணி நேரம்தான் வகுப்பு, மீதி நேரம் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும். ‘குலக்கல்வி’ என்று பெயர் சூட்டிப் பெரியாரும் திராவிட இயக்கமும் அதை எதிர்த்தார்கள். 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அரசு அடுத்த மாதமே திட்டத்தைக் கைவிட்டது.

அந்த அச்சம் இன்னும் உயிரோடிருக்கிறது. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, 6 முதல் 8 வரையுள்ள மாணவர்கள் பத்து நாள் புத்தகப் பையில்லாமல் உள்ளூர்த் தச்சர், குயவர், தோட்டக்காரர் போன்றவர்களிடம் பயில வேண்டும் என்றபோது குலக்கல்வி என்ற சொல் இங்கே மறுபடி எழுந்தது. கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தில் குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் முதல்வர் ஸ்டாலின் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதியதும் இதே நினைவிலிருந்துதான். இதை வெறும் அரசியல் என்று தள்ளிவிட முடியாது. சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்ப்பவர் வீட்டுப் பிள்ளைக்குப் பட்டறையும், பண்ணைக் கூலி வீட்டுப் பிள்ளைக்கு நாற்றங்காலும், அரசு ஊழியர் வீட்டுப் பிள்ளைக்குக் கணினியும் என்று ‘அனுபவம்’ பிரிந்துபோக, ஒரு சுற்றறிக்கையும் வேண்டாம், பழக்கமே போதும்.

ஆகவே அச்சத்தை மறுப்பதைவிட, அதையே திட்டத்தின் விதியாக எழுதிவிடுவது நல்லது. 1953-ன் தவறு பிள்ளை கையால் வேலை செய்ததில் இல்லை. கற்கும் நேரத்தைப் பள்ளிக்கு வெளியே தள்ளியது ஒன்று, எதைக் கற்பது என்பதைப் பிறப்பின் கையில் விட்டது இன்னொன்று. அதற்கு மாறாக மூன்று விதிகள் போதும். எல்லாமே பள்ளி நேரத்துக்குள், ஆசிரியர் பொறுப்பில் நடக்க வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் எல்லா வேலைகளையும் முறைவைத்துச் செய்ய வேண்டும்: மோட்டார் மின் இணைப்பைப் பெண்பிள்ளைகளும், சமையல் செலவுக் கணக்கை ஆண்பிள்ளைகளும். தன் வீட்டுத் தொழிலை எந்தப் பிள்ளையும் முதலில் எடுக்கக் கூடாது. சிலை வார்ப்பவர் மகள் வாய்க்காலில் நீர் அளக்கட்டும், நிலக்காரர் மகன் நடவுக் கூலிக் கணக்கு எழுதட்டும். அதற்குப் பிறகு இதைக் குலக்கல்வி என்று யாரும் சொல்ல முடியாது.

வந்து போன திட்டங்கள்

இரண்டாவது ஆட்சேபணை அனுபவத்திலிருந்து வருவது: இதெல்லாம் எத்தனை முறை வந்து போய்விட்டது! உண்மைதான். 1964 முதல் 66 வரை செயல்பட்ட கோத்தாரி கல்விக் குழு ‘பணி அனுபவம்’ என்றது. 1977-ல் ஈஸ்வர்பாய் படேல் குழு சமூகப் பயனுள்ள உற்பத்தி வேலை என்றது. 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் இன்னும் தெளிவு: ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலை, உடற்கல்வி, வேலைக் கல்வி மூன்றுக்கும் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்று அதன் அட்டவணையே சொல்கிறது. அதையொட்டித் தமிழ்நாடு 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தது. தையல், ஓவியம், தோட்டக்கலை, வாழ்வியல் திறன் என்று பாடங்களும் ஒதுக்கியது. வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. நிரந்தரம் கேட்டு அவர்கள் ஆண்டுக்கணக்கில் தெருவில் நின்றார்கள். இந்தத் திட்டங்கள் நிலைக்காததற்குக் காரணம், அவை எப்போதும் தனிப் பாடவேளையாக, தனி ஆசிரியரின் தலையில், மற்றப் பாடங்களோடு ஒட்டாமல் நின்றதுதான். தேர்வு நெருங்கினால் முதலில் கணக்கு வாத்தியார் கடன் வாங்கும் வகுப்பு அதுதான்.

நிலைத்து நின்றவற்றின் வடிவம் வேறு. 1993-லிருந்து நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டைப் பாருங்கள். தமிழ்நாட்டில் அதை முன்னின்று நடத்துவது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். பத்து வயது முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் சிறு குழுவாகச் சேர்ந்து, தங்கள் ஊரின் பிரச்சினை ஒன்றை எடுத்து, வீடு வீடாகப் போய் விவரம் சேகரித்து, மாவட்ட அளவில் நின்று பேச வேண்டும். இதற்குப் பட்டறை வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு வழிகாட்டி ஆசிரியரும் போதும். 2022 நவம்பரில் திருச்சி காட்டூரில் தொடங்கப்பட்ட வானவில் மன்றம், சுமார் 13,000 அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் சோதனைக் கருவிகளோடு தன்னார்வலர்களை அனுப்புகிறது. ஒன்று ஊரைக் கேள்வியாக்குகிறது, மற்றது கருவியைக் கையில் தருகிறது. இரண்டும் ஏற்கெனவே இருப்பவை. இவற்றை வழக்கமான கணக்கு, அறிவியல் வகுப்போடு இணைப்பதுதான் பாக்கி.

டெல்டாவில் இணைப்பதற்குப் பொருளா பஞ்சம்? மேட்டூர் அணையின் கொள்ளளவு 93.47 டிஎம்சி, நீர் திறப்பு விநாடிக்கு இத்தனை கன அடி என்று ஜூன் 12-ஐ ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் செய்தியில் கேட்கிறோம். ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி. விநாடிக்கு 10,000 கன அடி திறந்தால், வரத்தே இல்லை என்று வைத்துக்கொண்டால், நிறைந்த அணை 108 நாள் வரும். கிட்டத்தட்ட ஒரு குறுவையின் ஆயுள். இதை ஏழாம் வகுப்புப் பிள்ளை கரும்பலகையில் போட்டுவிடும். போட்டுப் பார்த்த பிறகு காவிரிச் செய்தி அதற்கு வேறு செய்தியாகத் தெரியும். பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. பள்ளி மைதானத்தை நாடாவால் அளந்து குழியிலும் சென்ட்டிலும் சொல்லட்டும். ஒரு மா சுமார் 33 சென்ட் என்று தானே கண்டுபிடித்த பிள்ளையைப் பத்திரம் பின்னாளில் மிரட்டாது.

எண்ணுக்கு வெளியிலும் சில திறன்கள் கட்டாயம். ஆறும் வாய்க்காலும் குளமும் நிறைந்த நாட்டில், தண்ணீர் திறக்கும்போதெல்லாம் பிள்ளைகளை ஆற்றில் இறங்கவிடாதீர்கள் என்று மாவட்ட நிர்வாகம் எச்சரிக்கிறது. எச்சரிக்கையோடு நீச்சலும், மூழ்குகிறவரைத் தான் இறங்காமல் கயிறோ கழியோ போட்டுக் காப்பாற்றும் முறையும் பாடமாக வேண்டாமா? 2004 ஜூலை 16 கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்த பகுதி இது. அதே ஆண்டு டிசம்பரில் நாகைக் கரையில் சுனாமி, 2018 நவம்பரில் கஜா புயல். வெளியேறும் வழியைப் பிள்ளைகளே வரைபடமாக வரைந்து, எத்தனை விநாடியில் வகுப்பறை காலியாகிறது என்று பருவத்துக்கு ஒருமுறை அளந்து பார்ப்பதற்குச் செலவென்று எதுவுமில்லை.

எழுதப் படிக்கவே தடுமாறும் பிள்ளைகள் இருக்கும்போது இதற்கு ஏது நேரம் என்பார்கள். கல்வி உரிமைச் சட்டப்படி ஆறு முதல் எட்டு வரை ஆண்டுக்கு 220 வேலை நாள், 1,000 மணி நேரக் கற்பித்தல். அதில் 60 மணி நேரம் கேட்பது ஆறு சதவீதம்தான். அந்த 60 மணி நேரமும் கணக்கு, தமிழ், அறிவியல், சமூக அறிவியல் பாடவேளைகளுக்குள்ளேயே அடங்கும். கொள்முதல் நிலையத்தில் கேட்ட விவரத்தை அரைப் பக்கம் எழுதுவது தமிழ்க் கட்டுரை, ஈரப்பதம் சதவீதக் கணக்கு. தடுமாறும் பிள்ளைக்குத் தனிப் பயிற்சி தேவை. அதோடு படிப்பதற்கு ஒரு காரணமும் தேவை. விவசாயத்தை விட்டு எல்லாரும் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போகும் காலத்தில் நெல் எதற்கு என்பது இன்னொரு கேள்வி. நெல் இங்கே கையருகில் கிடைக்கும் பயிற்சிப் பொருள். ஈரப்பதத்தைக் கேள்வி கேட்டுப் பழகியவர் நாளை சம்பளச் சீட்டையும், கடன் ஒப்பந்தத்தையும், மருத்துவமனை ரசீதையும் அதே கண்ணோடு படிப்பார். போகிறவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை. ஏமாறினால் ஊரார் துணைக்கு வராத இடத்தில் அவர்கள் நிற்கிறார்கள்.

கேட்பது பெரிய திட்டமல்ல. டெல்டா மாவட்டங்களின் ஒவ்வொரு நடுநிலைப் பள்ளியும் ஆண்டுக்கு மூன்று விசாரணைகளை எடுக்கட்டும்: நீர் வரும் காலத்தில் தண்ணீர், அறுவடையில் நெல், மழைக்காலத்தில் பாதுகாப்பு. முடிவுகளை மதிப்பெண்ணாக்க வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பிள்ளைகளே பெற்றோர் முன் வாசிக்கட்டும், கிராம சபைக்கும் ஒரு படி போகட்டும். பகுதிநேர ஆசிரியர்களுக்குத் தையல் வகுப்போடு இந்த விசாரணைகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பையும், அதற்கேற்ற நிரந்தர வேலையையும் அரசு கொடுக்கட்டும். இதில் கசப்பான ஒன்றும் உண்டு. கணக்குக் கேட்கப் பழகிய பிள்ளை கொள்முதல் நிலையத்தோடு நிற்காது. சத்துணவு அரிசியின் அளவையும், பள்ளிக்கு வந்த நிதியையும் கேட்கும். அதற்குப் பதில் சொல்லத் தயாராக இருக்கும் பள்ளிதான் வாழ்க்கைத் திறன் கற்பிக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.