அடங்கியதால் உறவான கிருமி

பாக்டீரியா என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கும் நினைவில் வருவது நோய்தான். "கையைக் கழுவு, கிருமி ஒட்டும்" என்று அதட்டியே பிள்ளைகளை வளர்த்திருக்கிறோம். பள்ளியில் அறிவியல் கற்பித்த நானும் அதைத்தான் சொல்லிவந்தேன். நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் உண்டு என்று பாடநூலில் வரும் இரண்டு வரிகளையும் தவறாமல் படித்துக் காட்டுவேன். ஆனால், அந்த நன்மை எப்படித் தொடங்கியது என்று மாணவர் யாராவது கேட்டால், "அதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகும்" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடுவேன். அந்தப் பதில் அரைகுறையானது என்பதை 2022-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு உணர்த்தியது.

நான் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. செடிகளின் சாற்றை உறிஞ்சி வாழும் அசுவினிப் பூச்சியை எடுத்துக்கொள்வோம். அந்தச் சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்களோ குறைவு. அக்குறையை நிறைவு செய்வது, பூச்சியின் செல்களுக்குள்ளேயே குடியிருக்கும் புக்னெரா என்னும் பாக்டீரியா. இந்த உறவு பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. நம் குடலில் வாழும் இ-கோலி பாக்டீரியாவின் மரபுத்தொகுதியில் ஏறத்தாழ 46 இலட்சம் எழுத்துகள் உள்ளன. புக்னெராவுக்கு எஞ்சியிருப்பவை சுமார் 6.4 இலட்சமே. இனி அதனால் வெளியே வந்து தனித்து வாழ இயலாது. அதனை விட்டுப் பூச்சியாலும் செழித்து வாழ இயலாது. இத்தகைய உறவின் முதல் நாளைப் பார்த்தவர் யார்?

பார்க்க முனைந்தவர்கள் ஃபுக்காட்சு என்னும் பூச்சியியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஆவர். ஜப்பானில் பழத்தோட்டங்களைப் பாழாக்கும் பிளாட்டியா ஸ்டாலி என்னும் பச்சை நாவாய்ப்பூச்சியை அவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். இப்பூச்சியின் குடலில் ஒரு பகுதி, பாக்டீரியாவுக்கென்றே அமைந்த தனி உறுப்பாக உள்ளது. பேன்டோயா என்னும் பாக்டீரியா அங்கே குடியிருக்கிறது. தாய்ப்பூச்சி முட்டைகளின்மேல் இதைப் பூசிவிடுகிறது; பொரித்து வரும் குஞ்சுகள் முட்டையின் மேற்புறத்தை உறிஞ்சி அதைப் பெற்றுக்கொள்கின்றன. தாய்வீட்டுச் சீதனம் போன்ற இது கிடைக்காத குஞ்சுகள் வளர்ந்து ஆளாவதில்லை.

ஆய்வாளர்கள் முட்டைகளைத் தூய்மை செய்து அந்தச் சீதனத்தை நீக்கிவிட்டு, பொரித்த குஞ்சுகளுக்கு இ-கோலியைக் கொடுத்தார்கள். பெரும்பாலானவை மடிந்தன; மிகச் சிலவே பிழைத்தன. ஆனால், பிழைத்தவற்றில் இ-கோலி அந்தத் தனி உறுப்பிலேயே குடியேறியிருந்தது! மாற்றங்கள் விரைந்து தோன்ற வேண்டும் என்பதற்காக, மரபணுப் பிழைகளைத் திருத்தும் திறன் நீக்கப்பட்ட இ-கோலியையும் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் முந்தி வளர்ந்த பூச்சியையோ, நல்ல நிறம் பெற்ற பூச்சியையோ தேர்ந்து, அதனுள் இருந்த பாக்டீரியாவை அடுத்த தலைமுறைக் குஞ்சுகளுக்கு ஊட்டினார்கள். இப்படிச் செய்துவந்ததில், சில வரிசைகளில் ஒருசில தலைமுறைகளுக்குள்ளேயே பிழைத்து வளர்ந்த பூச்சிகள் பெருகின. அவற்றின் நிறமும் பொலிவு பெற்றது.

அந்த இ-கோலி ஏதோ புதிய ஆற்றலைப் பெற்றிருக்கும் என்றுதான் நான் எண்ணினேன். நடந்ததோ நேர்மாறு. அது மெதுவாகப் பெருகியது, உருவில் சிறுத்தது, நீந்தும் திறனை இழந்தது, தன்னைச் சுற்றி உண்டாக்கும் பிசின் போன்ற பூச்சையும் இழந்தது. சாதாரணமாக, குளுக்கோஸ் தீர்ந்துவிட்டால் வேறு உணவைத் தேடுவதற்காகப் பல மரபணுக்களை ஒருசேர முடுக்கிவிடும் பொது விசை ஒன்று இ-கோலியிடம் உண்டு. வெவ்வேறு வரிசைகளில் தனித்தனியே தோன்றிய மரபணு மாற்றங்கள் அந்த ஒரே விசையைத்தான் முடக்கியிருந்தன. அவற்றுள் ஒன்றை மட்டும் சாதாரண இ-கோலியில் புகுத்திப் பார்த்தார்கள். அதுவும் பூச்சிக்குத் துணையாகிவிட்டது. ஒரே ஒரு மாற்றம் போதுமானதாக இருந்தது!

இதை வைத்து, எல்லாக் கிருமியும் நாளையே நண்பனாகிவிடும் என்று யாரும் எண்ணிவிடலாகாது. நோய் உண்டாக்கும் இ-கோலி வகைகளும் உள்ளன. கை கழுவும் பழக்கத்தை நாம் கைவிடக் கூடாது. மேலும், இந்தச் சோதனையில் தேர்ந்தெடுக்கும் வேலையை மனிதர் செய்தனர். பூச்சியின் பங்கும் சிறிதன்று. குடியிருக்க ஓர் இடத்தை அது முன்னமே அமைத்து வைத்திருந்தது. அங்குக் குடியேறிய இ-கோலி, தாயிடமிருந்து குஞ்சுகளுக்கும் சென்றது. அப்படித் தலைமுறை தோறும் உடன்செல்லும் பாக்டீரியாவுக்குப் பூச்சி பிழைத்தால்தான் தனக்கும் வாழ்வு. அந்நிலையில், பூச்சியைப் பிழைக்க வைக்கும் மாற்றமே நிலைத்து நிற்கும்.

பாக்டீரியாவுக்கு அறமும் தெரியாது, அடக்கமும் தெரியாது. நாம்தான் அதில் பொருள் காண்கிறோம். ஆயினும், இப்போது ஒரு மாணவர் அதே கேள்வியை என்னிடம் கேட்டால், கோடிக்கணக்கான ஆண்டுகளைக் காட்டி ஒதுங்கிக்கொள்ள மாட்டேன். "தம்பி, அந்த உறவு முதிர்வதற்குத்தான் நெடுங்காலம் வேண்டும். தொடங்குவதற்கு, இடம் கொடுக்க ஒருவரும், கொஞ்சம் அடங்கியிருக்க இன்னொருவரும் இருந்தால் போதும்" என்பேன்.