திரை வாங்குமுன் ஒரு கணக்கு

மாணவர்களே, கணினி விளையாட்டுக்கு 144 ஹெர்ட்ஸ் திரை வேண்டுமென்று வீட்டில் கேட்குமுன் ஒரு சிறு கணக்குப் போடுவோமா?

திரையில் எதுவும் உண்மையில் நகர்வதில்லை. அசையாப் படங்கள் அடுத்தடுத்து மாறுவதே நமக்கு இயக்கமாகத் தோன்றுகிறது. 60 ஹெர்ட்ஸ் திரையில் ஏறத்தாழ 16.7 மில்லி வினாடிக்கு ஒருமுறை படம் மாறும். 144 ஹெர்ட்ஸ் திரையிலோ 6.9 மில்லி வினாடிக்கு ஒருமுறை. எனவே ஓடும் பந்து இன்னும் சீராக ஓடுவதாகத் தெரியும்.

ஆனால் படத்தை வரைவது திரையன்று. கணினியிலுள்ள கிராஃபிக்ஸ் கார்டு. அது வினாடிக்கு 50 படங்களே வரைந்தால், விரைவான திரையும் பழைய படத்தையே திரும்பக் காட்டும். பல விளையாட்டுகளில் இந்த எண்ணைத் திரையோரத்தில் காணலாம். அது 60-ஐ எட்டவில்லையெனில், 60 ஹெர்ட்ஸ் திரையே போதும், பணமும் மிச்சம்!