ஆன் செய்ததுமே பாஸ்வேர்டு கேட்கிறதா லேப்டாப்? கடைக்கு ஓடும் முன் இதைப் படிங்க!

பிள்ளையார்பட்டியில் ஒருவர், ரொம்ப நாளாக அலமாரியில் கிடந்த பழைய லேப்டாப்பை ஆன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் லோகோ வரும் முன்பே கறுப்புத் திரையில் பாஸ்வேர்டு கேட்கிறது. எப்போதோ அவரே வைத்ததுதான், சுத்தமாக ஞாபகம் இல்லை. உள்ளே குழந்தையின் முதல் பிறந்தநாள் போட்டோக்கள் இருக்கின்றன. சுமார் 12 கிலோமீட்டர் தள்ளி காரைக்குடியில் சர்வீஸ் கடைகள். அங்கே யாராவது "ஃபார்மட் பண்ணிடலாம் சார்" என்றால்?

தலையாட்டிவிடாதீங்க. இது விண்டோஸ் பாஸ்வேர்டு இல்லை. மதர்போர்டில் இருக்கும் பயாஸ் கேட்கும் பூட்டு. விண்டோஸை அழித்தாலும் இது அப்படியே இருக்கும், போட்டோக்கள்தான் போகும். லோகோ வந்த பிறகு கேட்டால் கதை வேறு. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் போனிலிருந்தே பாஸ்வேர்டை மாற்றிவிடலாம்.

'உள்ளே இருக்கிற சின்ன பேட்டரியைக் கழற்றினா சரியாயிடும்' என்பது பழைய டெஸ்க்டாப் காலத்து வைத்தியம். இப்போதைய பெரும்பாலான லேப்டாப்களில் பாஸ்வேர்டு, மின்சாரம் போனாலும் அழியாத சிப்பில் இருக்கிறது. திருடியவர் ஒரு ஸ்க்ரூடிரைவரை வைத்துத் திறந்துவிடக் கூடாது இல்லையா?

அப்போ வழி? கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர்தான். வாங்கிய பில் கையில் இருக்கணும். லெனோவோ திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு என்ற மேல்மட்டப் பூட்டும் போட்டு, அதையும் மறந்தால் மதர்போர்டையே மாற்றணும் என்கிறது அந்த கம்பெனியின் கையேடு. செலவு நம்முடையது. ஆபீஸ் லேப்டாப் என்றால் இந்த வேலையெல்லாம் வேண்டாம், ஐடி டீமிடம் கொடுத்துவிடுங்க.

போட்டோக்கள் என்னாகும்? இதில்தான் கொஞ்சம் நிம்மதி. பயாஸ் பாஸ்வேர்டு மட்டும் இருந்தால் ஹார்டு டிஸ்க்கில் உள்ளவை பூட்டப்படுவதில்லை. டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் இணைத்து காப்பி எடுக்கலாம். டிஸ்க்குக்கே தனி பாஸ்வேர்டு போட்டிருந்தால் இது நடக்காது. பிட்லாக்கர் ஆனாகியிருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். மதர்போர்டை மாற்றினாலும் இதே எண்ணைக் கேட்கும் என்பதால், முதலிலேயே தேடி எடுத்து வையுங்க.

செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். பணம் கொடுக்கும் முன் அங்கேயே ரீஸ்டார்ட் செய்து பயாஸுக்குள் போய்ப் பாருங்க. பாஸ்வேர்டு கேட்டால், விற்பவரையே எடுத்துவிட்டுத் தரச் சொல்லுங்க. பில்லையும் கேட்டு வாங்கிக்கோங்க.