கொல்லிமலையை நடந்து பாருங்கள்

கொல்லிமலைக்குப் போய்வந்தேன் என்று யாராவது சொன்னால், "ஆகாய கங்கைக்கு இறங்கினீங்களா?" என்றுதான் முதலில் கேட்பேன். பாதிப் பேர் இல்லை என்பார்கள். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளையும் காரில் ஏறி, சீக்குப்பாறையில் படம் எடுத்து, அறப்பளீஸ்வரரைக் கும்பிட்டுவிட்டு அப்படியே திரும்பியிருப்பார்கள். கேட்கவே மனசு ஆறாது.

புதுச்சத்திரத்துக்காரர்களுக்கு இது பக்கத்து மலை. சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி தாண்டினால் அடிவாரம். உடற்கல்வி ஆசிரியராக இருந்த காலம் முழுக்க மாணவர்களை இங்கேதான் கூட்டிப் போவேன். மைதானத்தில் சொல்லிக் கொடுக்க முடியாததை ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகள் சொல்லிக் கொடுக்கும்.

கோயிலுக்குப் பக்கத்திலிருந்து அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஐயாறு சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுகிறது. மற்ற மலைகளில் ஏறிக் களைத்தபின் இறக்கம்; இங்கே இறக்கம் முதலில், ஏற்றம் கடைசியில். குளித்த குளிர்ச்சியில் பையன்கள் ஓட்டமாக ஏறத் தொடங்கி, பாதியில் உட்கார்ந்துவிடுவார்கள். "சார், இன்னும் எத்தனை படிங்க?" என்பான் ஒருவன். "படிய எண்ணாத கண்ணு, மூச்சப் பாரு" என்பேன். முழுப் பாதத்தையும் வைத்து, வாயை மூடி மூக்கால் மூச்சிழுத்து, மெதுவாக ஏறுகிறவர்தான் சிரமமில்லாமல் மேலே வருவார். முழங்கால் வலியோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் இறங்க வேண்டாம். அவர்களுக்கு மாசிலா அருவி போதும். வாசலூர்ப்பட்டி படகுத்துறையும் இருக்கிறது. மழைக்காலத்தில் வனத்துறை குளிக்கத் தடை போட்டால் மறுபேச்சில்லாமல் திரும்பிவிட வேண்டும். மலைமேல் பெய்த மழை சொல்லாமல் கொள்ளாமல் அருவியில் இறங்கிவிடும்.

முதுமலை, முக்கூர்த்தி போன்ற தேசியப் பூங்காக்களில் நினைத்த இடத்தில் நடக்க முடியாது. கொல்லிமலை தேசியப் பூங்கா அல்ல. மலையாளிப் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக உழுது வாழும் ஊர்கள் நிறைந்த மலை. மிளகுக்கொடி படர்ந்த மரங்களையும் காபிச் செடிகளையும் பார்த்துக்கொண்டே ஊர்ச்சாலைகளில் நாள் முழுக்க நடக்கலாம். சாமையும் தினையும் இன்னும் இங்கே விளைகின்றன. சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் அன்னாசியும் விளைவித்தவர்களிடமே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள்.

ஆனால் சாலையை விட்டுக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ மலையேறப் போனவர்களின் உயிரைக் குடித்ததை மறக்கக் கூடாது. 2024இல் வனத்துறையே மாநிலம் முழுக்க 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்து, வழிகாட்டியோடு கூட்டிப் போகிறது. காடேற ஆசைப்படுகிறவர்கள் அந்த வழியாகவே போகட்டும்.

ஆடிப்பெருக்கை ஒட்டி நடக்கும் வல்வில் ஓரி விழாவில் வில்வித்தைப் போட்டி பார்க்கலாம். ஆனால் அன்றைக்குக் கூட்டம் நெருக்கும். நடக்க வருகிறவர்கள் வாரநாளாகப் பார்த்து, நாமக்கல்லிலிருந்து காலையிலேயே பேருந்து ஏறுங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.