துந்திரத்திலிருந்து வரும் வல்லூறு

மரக்காணம் உப்பளப் பாத்திகளில் மேயும் உள்ளான்கள் திடீரென ஒரே கூட்டமாக எழும்பிச் சுழன்றால், கேமராவைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணாந்து பாருங்கள். மேலே பொரி வல்லூறு இருக்கலாம்.

பனிக்காலத்தில் நம் கடற்கரைக்கு வரும் பொரி வல்லூறுகளில் ஓர் உள்ளினம், லாப்லாந்து முதல் வடகிழக்கு சைபீரியா வரை விரிந்த ஆர்க்டிக் துந்திரத்தில் கூடு கட்டுகிறது. ஆர்க்டிக் வட்டத்திலிருந்து மரக்காணம் 6,000 கிலோமீட்டருக்கும் அதிகத் தொலைவு. இந்த வல்லூறு வேட்டையாடும் கொசு உள்ளானும் அதே துந்திரத்தில் பொரித்த பறவைதான். அங்கே பனி மூடும் முன்பே இரண்டுமே தெற்கே கிளம்புகின்றன. உப்பளங்களும், 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி ஈரநிலமும் உள்ளான்களுக்கு இரை தருகின்றன. உள்ளான்கள் இருக்கும் இடத்தைத் தேடி வல்லூறு வருகிறது.

நம் மலைப்பாறைகளில் ஆண்டு முழுவதும் வாழும் ஷாஹீன் வல்லூறும் பொரி வல்லூறின் இன்னோர் உள்ளினமே. ஷாஹீனின் வயிறு செம்பழுப்பு. தலை கருமுக்காடு போட்டதுபோல் இருக்கும். துந்திரத்து வல்லூறின் மார்பு வெண்மை, கன்னத்தில் வெள்ளை அகலம், கண்ணுக்குக் கீழே இறங்கும் கரிய மீசை ஒடுக்கம். வளர்ந்த பறவையின் வயிற்றில் குறுக்குக் கோடுகளும் இளம்பறவைக்கு நெடுக்குக் கோடுகளும் இருக்கும். இவை தெளிவாகத் தெரியும் படமே ஆய்வுக்கு உதவும் படம்.

இரை மேல் பாயும்போது வல்லூறின் வேகம் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும். ஆகவே முதலில் கம்பத்திலோ வரப்பிலோ அமர்ந்திருக்கும் பறவையை எடுத்துப் பழகுவது நல்லது. பறக்கும்போது எடுக்க ஷட்டர் வேகம் நொடியில் 3,200இல் ஒரு பங்காவது வேண்டும். உப்புக் குவியலின் வெண்மையும் வானத்தின் ஒளியும் கேமராவை ஏமாற்றிப் பறவையை இருட்டாக்கும். ஒளி அளவைச் சற்றுக் கூட்டி வையுங்கள். வெயில் ஏறினால் அளத்தின் மேல் கானல் அலைந்து இறகின் கோடுகள் குழம்பிவிடும். எனவே விடிந்ததும், சூரியன் முதுகுப்பக்கம் இருக்க நின்று எடுத்துவிட வேண்டும்.

அளக்காரர்களிடம் அனுமதி கேட்டு, பாத்தியில் இறங்காமல் வரப்பிலேயே நில்லுங்கள். படத்துக்காக உள்ளான் கூட்டத்தை விரட்டவே கூடாது. கோடையில் வடக்கே திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பை அவை இங்கேதான் சேர்க்கின்றன. அவை நிம்மதியாக மேயும் வரைதான் இந்தக் கரைக்கு வல்லூறும் வரும்.