100 கிராமில் நழுவிய பதக்கம்: எடைக் குறைப்பும் உணவும் மல்யுத்த வீரர்களின் ஆற்றலைப் பாதிப்பது எப்படி?

புதுதில்லி: பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் மகளிர் 50 கிலோ மல்யுத்தப் பிரிவின் இறுதிச்சுற்றுக்கு முன்னேறியிருந்த இந்திய வீராங்கனை வினேஷ் போகத், 2024 ஆகஸ்ட் 7 அன்று காலை நடைபெற்ற எடைப் பரிசோதனையில் 100 கிராம் கூடுதலாக இருந்ததால் தகுதிநீக்கம் செய்யப்பட்டார். அதற்கு முந்தைய நாள், நடப்பு ஒலிம்பிக் சாம்பியனான ஜப்பானின் யுய் சுசாகி உள்பட மூவரை அவர் வீழ்த்தியிருந்தார். வெள்ளிப் பதக்கத்தைப் பகிர்ந்தளிக்கக் கோரி அவர் தாக்கல் செய்த மனுவை விளையாட்டுக்கான நடுவர் நீதிமன்றம் ஆகஸ்ட் 14-இல் தள்ளுபடி செய்தது.

ஒரு நாள் முன்பு எடை வரம்புக்குள் இருந்த வீராங்கனையின் எடை மறுநாள் கூடியது எப்படி என்ற கேள்விக்கு, விளையாட்டு ஊட்டச்சத்து அறிவியலில் விடை உள்ளது.

இரண்டு நாள், இரண்டு பரிசோதனை

முன்பு போட்டிக்கு முந்தைய மாலையில் எடை பார்க்கப்பட்டு, ஒரு பிரிவின் அனைத்துச் சுற்றுகளும் ஒரே நாளில் நடத்தப்பட்டன. 2018 முதல் ஒவ்வொரு பிரிவும் இரண்டு நாள்களுக்கு நடத்தப்படுகிறது. இரு நாள்களிலும் காலையில் எடை பார்க்கப்படும். இரண்டாம் நாளில் வரம்பை மீறினால், முதல் நாள் பெற்ற வெற்றிகளும் கணக்கில் கொள்ளப்படாமல், அவருக்குத் தரவரிசையில் கடைசி இடமே அளிக்கப்படும்.

இதனால் முதல் நாளில் வீரர்கள் உண்ணும் ஒவ்வொரு கவளமும் இருமுனைக் கத்தியாகிறது. உண்ணாவிட்டால் களத்தில் வலு இருக்காது. உண்டால் மறுநாள் எடை கூடும்.

முதல் நாள் அரையிறுதிக்குப் பிறகு வினேஷின் எடை வரம்பைவிட 2.7 கிலோ கூடுதலாக இருந்ததாக இந்திய அணியின் தலைமை மருத்துவ அதிகாரி தின்ஷா பர்திவாலா தெரிவித்தார். இரவு முழுவதும் எடைக் குறைப்பு முயற்சிகள் நடந்தன, தலைமுடியும் வெட்டப்பட்டது. எனினும் கடைசி 100 கிராம் குறையவில்லை.

உடலில் நடப்பது என்ன?

ஒரு மல்யுத்தப் போட்டி தலா 3 நிமிடங்கள் கொண்ட இரண்டு பகுதிகளாக, 30 விநாடி இடைவேளையுடன் நடைபெறுகிறது. குறுகிய நேரத்தில் முழு வலுவையும் செலுத்த வேண்டிய இவ்விளையாட்டில் தசைகளுக்கு முதன்மை எரிபொருள் கிளைக்கோஜன். சோறு, ரொட்டி, பழங்கள் ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்தை உடல் இந்த வடிவில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கிறது.

ஒரு கிராம் கிளைக்கோஜனுடன் ஏறத்தாழ 3 கிராம் நீரும் சேர்ந்தே சேமிக்கப்படுகிறது. எனவே 300 கிராம் கிளைக்கோஜன் மீண்டும் நிரம்பும்போது உடல் எடை சுமார் 1.2 கிலோ உயரும். அருந்தும் ஒவ்வொரு லிட்டர் நீரும் மேலும் ஒரு கிலோவைச் சேர்க்கும். இவ்வாறு கூடுவது கொழுப்பு அல்ல. போட்டியிடுவதற்கு உடலுக்குத் தேவையான எரிபொருளும் நீருமே ஆகும்.

அந்த நீரை வியர்வையாக வெளியேற்றுவதற்கும் எல்லை உண்டு. நீரிழப்பு அதிகரிக்கும்போது இரத்தத்தின் அளவு குறைகிறது. எஞ்சிய நீரைக் காக்க உடல் முயல்வதால் வியர்வையும் மட்டுப்படுகிறது. ஆகவேதான் முதல் 2 கிலோவைவிடக் கடைசி சில நூறு கிராம்களைக் குறைப்பது மிகக் கடினமாகிறது.

உடல் எடையில் 2 சதவீத அளவுக்கு நீர் குறைந்தாலே விளையாட்டுத் திறன் பாதிக்கப்படலாம் என்பது விளையாட்டு மருத்துவத்தில் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. 50 கிலோ எடையுள்ளவருக்கு அது வெறும் ஒரு கிலோ. இதயத் துடிப்பு உயர்தல், உடல் வெப்பம் அதிகரித்தல், விரைவில் சோர்வடைதல் ஆகியன இதன் விளைவுகளாகும்.

உயிருக்கும் ஆபத்து

அமெரிக்காவில் 1997-ஆம் ஆண்டின் இறுதியில், விரைவான எடைக் குறைப்பில் ஈடுபட்ட கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூவர் சில வார இடைவெளியில் அடுத்தடுத்து உயிரிழந்தனர். இதையடுத்து அந்நாட்டுக் கல்லூரிப் போட்டிகளில் நீராவி அறைகளுக்கும் ரப்பர் உடைகளுக்கும் தடை விதிக்கப்பட்டது. உடலின் நீர்ச்சத்தைச் சோதித்த பின்னரே ஒருவருக்கான குறைந்தபட்ச எடையை நிர்ணயிக்கும் முறையும் நடைமுறைக்கு வந்தது.

நீண்டகாலம் தேவைக்குக் குறைவாக உண்பதும் ஆபத்தானது. இதனால் மாதவிடாய் ஒழுங்கின்மை, எலும்புத் தேய்மானம், நோய் எதிர்ப்பாற்றல் குறைவு ஆகியவை ஏற்படக்கூடும் என சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது. இப்பாதிப்பு ஆண்களுக்கும் உண்டு.

சரியான வழி எது?

எடைக் குறைப்பைப் போட்டிக்குப் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கி, வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை மட்டுமே குறைக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. அக்காலத்தில் தசை இழப்பைத் தவிர்க்க, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 முதல் 2.4 கிராம் வரை புரதம் தேவை. பால், தயிர், பன்னீர், பருப்பு, முட்டை ஆகியவற்றிலிருந்து இதைப் பெறலாம். எடைப் பரிசோதனைக்குப் பின்னர் உப்பு கலந்த திரவங்களையும் எளிதில் செரிக்கும் மாவுச்சத்தையும் சிறு சிறு அளவில் உட்கொள்வது நல்லது.

அகாடா எனப்படும் வட இந்திய மல்யுத்தக் கூடங்களில் பால், நெய், பாதாம் ஆகியவையே பாரம்பரிய உணவு. உடலைப் பெருக்க உதவிய அந்த உணவுமுறை, கிராம் கணக்கில் எடை பார்க்கப்படும் போட்டிகளுக்கு மட்டும் போதுமானதல்ல.

இயல்பான உடல் எடைக்கு ஏற்ற பிரிவைத் தேர்வு செய்வதே இவை அனைத்திலும் முதன்மையானது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 53 கிலோ பிரிவில் போட்டியிட்ட வினேஷ், அப்பிரிவில் பாரிஸுக்கான இந்திய இடத்தை வேறொரு வீராங்கனை பெற்றுத் தந்த நிலையில் 50 கிலோ பிரிவுக்கு மாறினார்.

பாரிஸில் 57 கிலோ பிரிவில் வெண்கலம் வென்ற அமன் ஷெராவத்தும், அரையிறுதிக்குப் பிறகு சுமார் 10 மணி நேரத்தில் 4.6 கிலோ எடையைக் குறைத்த பின்னரே பதக்கப் போட்டியில் களமிறங்கினார். அவரே 2025 செப்டம்பரில் குரோஷியாவின் ஜாக்ரெப் நகரில் நடைபெற்ற உலக சாம்பியன்ஷிப் போட்டியில், 1.7 கிலோ கூடுதல் எடை காரணமாகத் தகுதிநீக்கம் செய்யப்பட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.